தோலுக்கு அடியில் பாதரசம் போனால் என்ன ஆகும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்த நேரம். நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் பதறிப்போய் அழைத்தார். காய்ச்சல் பார்ப்பதற்காக வாயில் வைத்த பழைய தெர்மாமீட்டரை அவருடைய மூன்று வயது மகன் கடித்து உடைத்துவிட்டான். உள்ளே இருந்த பாதரசம் வயிற்றுக்குள் போய்விட்டது. "ஹஜ்ரத், பிள்ளைக்காக துஆ செய்யுங்கள்" என்றார். துஆ செய்தோம், உடனே மருத்துவமனைக்குப் போகவும் சொன்னோம். அங்கே மருத்துவர் கண்ணாடித் துண்டு ஏதும் வாயில் குத்தியிருக்கிறதா என்றுதான் கவலைப்பட்டாராம். பாதரசம் மலத்தோடு போய்விடும், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், அப்படியே ஆயிற்று.

அடுத்த ஜும்ஆவுக்கு வந்த அந்தச் சகோதரியின் மூத்த மகன், பத்தாம் வகுப்பு படிப்பவன், எல்லோரும் கலைந்த பிறகு தயங்கித் தயங்கி வந்தான். "ஹஜ்ரத், தம்பி முழுங்கினதுக்கே ஒண்ணும் ஆகலையே, அப்ப ஊசியில ஏத்தினாலும் ஒண்ணும் ஆகாதுதானே?" என்று கேட்டான். ஏன் இப்படிக் கேட்கிறாய் என்றதற்கு, வீடியோ ஒன்றில் பார்த்தேன், சும்மாதான் கேட்டேன் என்றான்.

அந்த "சும்மா" நம்மை உறுத்தியது. நாம் ஓதியது மதரஸாவில். பிறகு கல்லூரியில் படித்தது வரலாறு. மருத்துவம் நம் துறை அல்ல. எனவே நமக்குப் பழக்கமான மருத்துவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டோம். மருத்துவ இதழ்களில் பதிவானவற்றையும் தேடிப் படித்தோம். அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம். இப்படி ஒரு கேள்வி எந்த வீட்டிலும் எழலாம்.

விழுங்கினால் ஏன் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். பாதரசம் ஓர் உலோகம். அறை வெப்பத்தில் நீர்போல ஓடும் உலோகம் அது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்றால், ஒரு லிட்டர் பாதரசம் 13.6 கிலோ இருக்கும். தண்ணீரில் கரையாது, எதிலும் ஒட்டாது, உருண்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஆரோக்கியமான குடலுக்குள் போனால் அதன் கனமே அதைக் கீழே தள்ளிவிடும். உடலில் சேர்வது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதை இன்றைய மருத்துவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன் ரய் நகரிலும் பக்தாதிலும் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, தம்மிடமிருந்த குரங்கு ஒன்றுக்குப் பாதரசத்தைக் குடிக்கக் கொடுத்து என்ன நடக்கிறதென்று கவனித்தார். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலியில் நெளிந்ததே தவிர, வேறு பெரிய கேடு எதையும் அவர் காணவில்லை. கேள்விப்பட்டதை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்த்துச் சொன்ன அந்தப் பழக்கம் நம்மிடையே எப்போது குறைந்துபோனதோ தெரியவில்லை.

ஆனால் வாய் வழியாகப் போவதற்குப் பொருந்துவது மற்ற வழிகளுக்குப் பொருந்தாது. பாதரசம் அறை வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் ஏறத்தாழ 80 சதவீதம் உடலிலேயே தங்கிவிடுகிறது. ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியையும் கடந்து குழந்தைக்குச் செல்கிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001ல் மூடப்பட்டதும், அதன் முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அங்கேயும் யாரும் பாதரசத்தைக் குடிக்கவில்லை.

ஊசி வழியாகப் போவது இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. குடலுக்கு வெளியேற்றும் வழி இருக்கிறது. தோலுக்கு அடியில் அப்படி ஒரு வழி கிடையாது. போனது அங்கேயே இருக்கும்.

தசையிலும் தோலுக்கு அடியிலும்

சதைக்குள் போன பாதரசம் ஒரே கட்டியாக நிற்பதில்லை. சின்னச் சின்ன மணிகளாக உடைந்து, திசுக்களுக்கு நடுவே கிடைத்த இடுக்கில் எல்லாம் புகுந்துகொள்கிறது. கனமான பொருள் என்பதால் நாள் ஆக ஆகக் கீழ்நோக்கியும் நகரும். உடல் அதை வேண்டாத விருந்தாளியாகவே பார்க்கிறது. சுற்றிலும் வீக்கம், சிவப்பு, வலி. பிறகு சீழ் கோர்க்கிறது. சில இடங்களில் உடல் தன் திசுவாலேயே அந்த மணிகளைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கெட்டியான முடிச்சாக ஆக்கிவிடுகிறது. சில நேரம் தோல் வெடித்துப் புண்ணாகி, அந்தப் புண்ணிலிருந்து வெள்ளி போன்ற துளிகள் வெளியே வருவதும் உண்டு.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. கிருமியே இல்லாமலும் இந்தச் சீழ்க்கட்டி வரும். ஆகவே ஆன்டிபயாடிக் மாத்திரை, களிம்பு என்று எதைப் போட்டாலும் ஆறாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் புண் அப்படியே இருக்கும். காரணம் தெரியாத மருத்துவர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார். வீட்டிலோ, கண்ணேறு என்று ஓதிப் பார்க்க அழைத்து வருவார்கள். காரணம் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். அவன் வாய் திறக்க மாட்டான்.

இந்தியாவிலேயே இப்படி ஒரு சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 15 வயதுச் சிறுவன் ஒருவன், முன்கையில் ஆறாத புண்களோடு மருத்துவமனைக்கு வந்தான். ஆங்கில சூப்பர் ஹீரோ படங்களில் வரும் வுல்வரின் என்ற பாத்திரத்துக்கு உலோக எலும்புகள் இருப்பதைப் பார்த்து, தானும் அப்படி ஆகலாம் என்று தெர்மாமீட்டரில் இருந்த பாதரசத்தைத் தன் கையில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். அதற்கு முன், ஸ்பைடர்மேன் ஆவதற்காகச் சிலந்திகளைக் கடிக்கவிட்டிருக்கிறான். வாசிக்கும்போது சிரிப்பு வரலாம். அவனுக்கோ, அறுவை சிகிச்சையில் அந்த இடத்துச் சதையையும் தோலையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ரத்தக் குழாய்க்குள் போனால்

சிரை எனப்படும், இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள் பாதரசம் புகுந்துவிட்டால் நிலைமை இன்னும் கடுமையாகிறது. ரத்தம் அதை அடித்துக்கொண்டு போய் இதயத்தின் வலது பக்கத்தில் சேர்க்கிறது. கொஞ்சம் அங்கேயே, வலது கீழறையின் அடியில் குளம்போலத் தேங்குகிறது. மீதி நுரையீரலுக்குத் தள்ளப்பட்டு, முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு வலி, இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், சளியில் ரத்தம் என்று தெரியத் தொடங்கும். சில மணிகள் நுரையீரலையும் தாண்டி மூளை, சிறுநீரகம், கல்லீரல் வரை சென்ற நிகழ்வுகளும் உண்டு. தமனிக்குள் போனாலோ விரல்களுக்கு ரத்தம் வராமல் தடைபடலாம்.

2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஓர் எக்ஸ்ரே படம் வெளியானது. வாழ்க்கையை வெறுத்துப் பாதரசத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்ட 21 வயதுப் பெண்ணின் நெஞ்சுப் படம் அது. நுரையீரல் முழுவதும், முக்கியமாக அடிப்பகுதியில், ரத்தக் குழாய்கள் போகும் பாதையெல்லாம் வெள்ளை வெளேரென்று கிளை விரித்த மரம்போலத் தெரிந்தது. மூச்சிரைப்பும் ரத்தம் கலந்த சளியுமாக வந்த அவர் ஒரு வாரத்தில் தேறி வீட்டுக்குப் போனார். ஒன்பது மாதம் மருந்து கொடுத்தும், சிறுநீரில் வெளியேறிய பாதரசத்தின் அளவு மாறவில்லை. பத்து மாதம் கழித்து எடுத்த படத்திலும் அந்த வெள்ளைத் தடங்கள் அப்படியே இருந்தன. அவர் அதுவரை நலமாக இருந்தார் என்பது அல்லாஹ்வின் கருணை. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. இதே காரணத்தால் மூச்சடைத்து இறந்தவர்களும், சிறுநீரகம் கெட்டவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

எக்ஸ்ரே இந்த விஷயத்தில் பொய்யே சொல்லாது. அணு எண்ணில் ஈயம் 82, பாதரசம் 80. ஈயத்தைப் போலவே இதுவும் எக்ஸ்ரே கதிரை ஊடுருவ விடாது. ஆகவே கடுகளவு மணியும் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆறாத கட்டிக்கு ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே விடை கிடைத்திருக்கும். ஆனால் சாதாரணக் கொப்புளத்துக்கு யாரும் எக்ஸ்ரே எழுதுவதில்லையே! உண்மையைச் சொன்னால்தான் எழுதுவார்கள்.

நாளடைவில் நடப்பது

"உள்ளே இருந்தால் இருக்கட்டும், வலி இல்லையே" என்று விட்டுவிடுவதற்கும் இல்லை. உள்ளே கிடக்கும் உலோகம் மெல்ல மெல்ல ரத்தத்தில் வேதிமாற்றம் அடைந்து நஞ்சாகிக் கசிந்துகொண்டே இருக்கிறது. இங்கே நம் வரலாற்றோடு தொடர்புள்ள ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. எல்லா உலோகங்களும் கந்தகமும் பாதரசமும் சேர்ந்து உண்டானவை என்பது ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரில் அறியப்படும் நூல்களில் உள்ள கொள்கை. கொள்கை தவறு என்று பிற்கால அறிவியல் காட்டிவிட்டது. ஆனால் பாதரசத்துக்குக் கந்தகத்தின் மீது உள்ள ஈர்ப்பு முழுக்க உண்மை. நம் உடலின் புரதங்களில் கந்தகம் இருக்கிறது. நஞ்சாக மாறிய பாதரசம் அந்தக் கந்தகத்தைத்தான் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தில் அந்தப் புரதம் தன் வேலையைச் செய்ய முடிவதில்லை. சிறுநீரகத்தில் அது அதிகம் சேர்கிறது.

விளைவுகள் பல வாரங்கள் கழித்துத் தெரியலாம். ஈறு வீங்கி ரத்தம் கசியும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். கை நடுங்கும், கையெழுத்து மாறும். தூக்கம் கெடும். சிறுநீரில் புரதம் வெளியேறி முகமும் காலும் வீங்கும். இவற்றோடு ஒரு மனமாற்றமும் வரும்: காரணமில்லாத கூச்சம், எரிச்சல், மறதி, யாரோடும் சேராமல் ஒதுங்குதல். முற்காலத்தில் ஐரோப்பாவில் தொப்பிக்குரிய கம்பளத்தைப் பாதரச உப்பில் பதப்படுத்திய தொழிலாளர்களிடம் இவை சர்வ சாதாரணம். நம் ஊரில் இத்தகைய குணமாற்றத்தைக் கண்டால் பேய், ஜின் என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள் என்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறோம்.

நஞ்சை வெளியேற்றக் கொடுக்கும் மருந்துகளும் இதே கந்தக ஈர்ப்பைத்தான் பயன்படுத்துகின்றன. கந்தகம் உள்ள மருந்து ரத்தத்தில் போய்ப் பாதரசத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கிவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒருவகை நச்சுவாயுவுக்கு மாற்று மருந்தாக ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கப்பட்ட டைமெர்காப்ரால் இவற்றுள் மூத்தது. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் கரைந்து வருவதைத்தான் இந்த மருந்துகள் பிடிக்கும். சதைக்குள் மணியாகக் கிடக்கும் உலோகத்தை அவற்றால் கரைத்து எடுக்க முடியாது. அதற்குக் கத்திதான் வழி. அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாளாகிவிட்டால் மணிகள் சிதறிவிடும். எக்ஸ்ரே பார்த்துப் பார்த்து எடுத்தாலும் முழுவதும் எடுக்க முடியாமல் போகும். "உடலிலுள்ள உலோக நஞ்சை நீக்கும் பொடி" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை நம்பி இந்த நாட்களை வீணாக்க வேண்டாம்.

யார், ஏன் செய்கிறார்கள்?

சில நேரம் இது விபத்து. உடைந்த தெர்மாமீட்டரின் கண்ணாடி கையில் குத்தி அதோடு பாதரசமும் போய்விடும். ஒரு காலத்தில் ரத்தப் பரிசோதனைக்கான ஊசிக்குழலிலேயே ரத்தத்தைக் கலக்கப் பாதரசம் வைத்திருந்தார்கள். அது தவறி நோயாளியின் தமனிக்குள் போனதும் நடந்திருக்கிறது.

மருத்துவமாகவும் செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் மேகநோய்க்குப் பாதரசத்தைக் கொழுப்பில் அரைத்துச் சாம்பல் நிற எண்ணெயாக்கிப் பிட்டத்தில் ஊசி போட்டார்கள். எச்சில் வழிந்து பல் ஆடுவதை மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்றே நம்பினார்கள்! 1910ல் சால்வர்சானும், 1940களில் பென்சிலினும் வந்த பிறகுதான் அது ஒழிந்தது. பட்டம் பெற்ற மருத்துவர்களே தலைமுறை தலைமுறையாக ஒன்றைச் செய்துவிட்டார்கள் என்பதால் அது சரியாகிவிடாது.

மூடநம்பிக்கையும் ஒரு காரணம். தென் அமெரிக்காவில் தசைக்கு வலு ஏறும், குத்துச்சண்டையில் வேகம் கூடும் என்று ஏற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கரீபியன் தீவுகளிலும் அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறியோரிடமும் தீய சக்தியை விரட்ட வீட்டில் பாதரசம் தெளிப்பதும், குப்பியில் அடைத்துக் கழுத்தில் அணிவதும் வழக்கம். அதை அவர்கள் 'அஸோகே' என்கிறார்கள். அந்த ஸ்பானியச் சொல் அரபியிலிருந்து போனது, அந்தலூசின் மிச்சம். ஸ்பெயினின் மிகப் பெரிய பாதரசச் சுரங்கம் இருந்த அல்மாதேன் ஊரின் பெயரும் 'சுரங்கம்' என்ற பொருள்படும் அரபிச் சொல்தான். சொல் நம்முடையதாக இருக்கலாம். தாயத்தாகக் கட்டிக்கொள்ளும் நம்பிக்கை நம்முடையது அல்ல. இணையத்தில் விற்கும் ரசமணியை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கட்டிவிடும் வீடுகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

ஆனால் பதிவான சம்பவங்களில் கணிசமானவை இவற்றில் சேராதவை. மனம் உடைந்து, தனக்குத் தானே தீங்கு செய்துகொண்டவர்கள் அவர்கள். இதை மறைத்து எழுத நமக்கு விருப்பமில்லை. உடல் அமானிதம் என்று மிம்பரில் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் தீங்கு செய்துகொண்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் முதலில் அந்தப் பாடத்தைத் தொடங்கினால், அவன் அடுத்த முறை சொல்லவே மாட்டான். ஊரில் தெரிந்தால் என்ன ஆகும், போலீஸ் கேஸ் ஆகுமோ, பெண்ணாக இருந்தால் நிக்காஹ் தடைபடுமோ என்ற பயத்தில், "கண்ணாடி குத்திவிட்டது" என்று மருத்துவரிடம் பெற்றோரே மாற்றிச் சொல்கிறார்கள். அந்த ஒரு பொய்யில் எக்ஸ்ரே தள்ளிப்போகிறது, அறுவை சிகிச்சை தள்ளிப்போகிறது, மனநல மருத்துவரைப் பார்ப்பதும் தள்ளிப்போகிறது. தற்கொலை முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்றுதான் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. மார்க்கத்திலும் நோயாளிக்கு இரக்கம்தான் முதலில். மனம் தளர்ந்தவர்கள் பேசுவதற்கு இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணும், இலங்கையில் 1926 என்ற எண்ணும் எந்நேரமும் இருக்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியது

பாதரசம் உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கொடுக்கக் கூடாது, பிளேடால் கீறக் கூடாது. பிதுக்கினால் மணிகள் ஆழமாகப் போகும். சூடு பட்டால் ஆவியாகும். கையோ காலோ, அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினால் 108க்கு அழைக்க வேண்டும். முதல் சிகிச்சை முடிந்த பிறகும் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளுக்கு மாதக்கணக்கில் வரச் சொல்வார்கள். புண் ஆறியதும் நிறுத்திவிடாதீர்கள்.

தரையில் சிந்திய பாதரசத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது. பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கெட்டிக் காகிதத்தால் உருட்டிச் சேர்த்து மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். தொடங்குமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துப்போகும். அந்த பாட்டிலைச் சாக்கடையிலோ அடுப்பிலோ கொட்டாமல் மருத்துவமனையிலோ நகராட்சியிலோ கேட்டு ஒப்படையுங்கள். பாதரசத் தெர்மாமீட்டரை உலக நாடுகள் மினமாட்டா உடன்படிக்கையின்படி ஒழித்துவருகின்றன. இந்தியாவும் 2018ல் அதில் இணைந்தது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் மருந்துக்கடையில் கிடைக்கிறது.

அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையை அஸர் தொழுகைக்குப் பின் இரண்டு மூன்று நாள் நம்மோடு உட்கார வைத்துப் பேசினோம். மூன்றாம் நாள்தான் சொன்னான்: கேட்டது அவனுக்காக அல்ல, அவனுடைய வகுப்புத் தோழனுக்காக. அந்தத் தோழனின் அத்தாவிடம் அன்று மாலையே போய்ப் பேசினோம். உடனே மகனை அழைத்துச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அவனுடைய பள்ளிப் பையின் உள்ளறையில் கண்ணாடிக் குப்பி ஒன்று இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்காமல், அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார் அவர்.